கண்டிப் பல்லி எங்கே வாழ்கிறது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த ஊர்வன நூல்களில் ‘கண்டியானா’ என்ற பெயரைத் தேடினால் வியப்பூட்டும் ஓர் இடப்பட்டியல் கிடைக்கும். இலங்கை, தென்னிந்திய மலைகள், அந்தமான் பகுதித் தீவுகள், சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள மெந்தாவாய், எங்கானோ தீவுகள். கண்டியிலிருந்து எங்கானோவுக்கு நேர்கோடு போட்டு அளந்தாலே 2,500 கிலோமீட்டருக்கு மேல் வரும். வழி நெடுகக் கடல். இவ்வளவு பரந்த உலகில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட உயிரோ, வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் நம் சுண்டுவிரல் நீளம்கூட வராத ஒரு காட்டுப் பல்லி. நிழலும் ஈரமும் உள்ள மரத்தண்டிலும் பாறை இடுக்கிலும் வாழ்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே மடிகிற உயிர்.

அந்தப் பட்டியல் எப்படி உருவானது, பிறகு எப்படிக் கலைந்தது என்பதே இந்த அத்தியாயம். ஓர் உயிரினம் எங்கெல்லாம் வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை, அது எது என்ற கேள்விக்கு நாம் சொன்ன விடையில்தான் ஒளிந்திருக்கிறது. முதல் விடை பிசகினால் வரைபடமும் பிசகும். வரைபடம் பிசகினால் அந்த உயிர் அழிந்துகொண்டிருப்பதுகூட யார் கண்ணுக்கும் படாமல் போகும்.

முதலில் பல்லியைப் பார்த்துவிடுவோம். நெமாஸ்பிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது இது. பகல் பல்லி என்று சொல்லலாம். நம் வீட்டுச் சுவரில் விளக்கடியில் பூச்சி பிடிக்கும் பல்லிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். இரவில் நடமாடும் வீட்டுப் பல்லியின் கண்பாவை செங்குத்தான கீற்று. பகல் பல்லியின் கண்பாவை வட்டம். வீட்டுப் பல்லியின் விரல்களுக்கு அடியில் அகன்ற ஒட்டுத்தட்டுகள் உண்டு. அவற்றின் பலத்தில்தான் அது கூரையில் தலைகீழாக ஓடுகிறது. பகல் பல்லியின் விரல்கள் மெலிந்தவை, மூட்டில் மடங்கியவை, நுனியில் நகம் கொண்டவை. சொரசொரப்பான மரப்பட்டையையும் கருங்கல்லையும் பற்றிக்கொள்ள அவை போதும்.

மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை அளந்தால் இப்பல்லிகளில் பெரும்பாலானவை 3 முதல் 4 செ.மீ. இருக்கும், சில அதைவிடச் சிறியவை. பழுப்பும் சாம்பலும் கலந்த உடலில் கருந்திட்டுகள், வெளிர்ப் புள்ளிகள். பாசி படர்ந்த தண்டில் அசையாமல் ஒட்டிக்கொண்டால் ஓர் அடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பெண் பல்லி பொதுவாக ஒரு முறைக்கு இரண்டு முட்டை இடும். கெட்டியான ஓடு கொண்ட அந்த வெண்முட்டைகளைப் பாறைச் சுவரிலோ மரப்பொந்திலோ ஒட்டவைத்துவிடும். பல பெண்கள் ஒரே இடுக்கைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. அதனால் ஒரே பாறையில் புது முட்டைகளும் பொரிந்துபோன பழைய ஓடுகளின் தடங்களும் சேர்ந்து கிடக்கும்.

கண்டிப் பல்லிக்கு முதலில் பெயர் வைத்தவர் எட்வர்ட் ஃப்ரெடெரிக் கெலார்ட். இலங்கையில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1852-இல் தீவின் விலங்குகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் இலங்கை விலங்கியலின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. அவர் கண்டி மலைக்காடுகளில் பல்லி தேடிய காலம், அந்தக் காடுகள் காப்பித் தோட்டங்களுக்காக வேகமாக வெட்டப்பட்ட காலமும்கூட. தமிழ்நாட்டிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டு அங்கே போன மக்களின் கைகளே அந்த மலைச்சரிவுகளைத் தோட்டங்களாக மாற்றின. பின்னர் காப்பி இலைகளில் துரு நோய் விழுந்து, தேயிலை வந்தது. கெலார்ட் பெயர் சூட்டியபோது இருந்த காட்டின் பெரும்பகுதி இரண்டு தலைமுறைக்குள் இல்லாமல் போயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

அந்தக் காலத்து விவரிப்புகள் மிகச் சுருக்கமானவை. நிறம், அளவு, செதிலின் பொதுவான தோற்றம், கிடைத்த ஊர் எனச் சில வரிகளில் முடிந்துவிடும். ஒரு பகுதியில் ஒரே ஒரு பகல் பல்லிதான் உண்டு என்று நம்பும்வரை அது போதுமானதாகவே தோன்றும். பக்கத்து மலையில் இன்னொன்று இருக்கக்கூடும் என்ற நினைப்பு வராதபோது, இரண்டையும் பிரித்துக்காட்டும் அடையாளம் எது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1885-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் பல்லி அட்டவணையை ஜார்ஜ் ஆல்பர்ட் பௌலெஞ்சர் தொகுத்தார். உலகம் முழுவதிலிருந்தும் சாராயப் புட்டிகளில் வந்து சேர்ந்த பல்லிகளை மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பெயரிட்ட மாபெரும் உழைப்பு அது. அவர் நம் பகல் பல்லிகளை கோனடோடிஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். அந்தப் பேரினம் உண்மையில் அமெரிக்கக் கண்டத்துக்கும் கரீபியப் பகுதிக்கும் உரியது. மெலிந்த விரல், வட்டக் கண்பாவை, பகல் வாழ்க்கை என எல்லாம் ஒத்துப்போயின. அதனால் உறவும் இருக்கும் என்று அவர் முடிவுகட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் புட்டியும் பூதக்கண்ணாடியும் மட்டும் இருந்த காலத்தில் உருவ ஒற்றுமைதான் ஒரே சாட்சி. ஆனால் பல்லிகளில் உருவம் வாழ்க்கை முறைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். 2012-இல் டோனி கேம்பிலும் சக ஆய்வாளர்களும் மரபணுக்களைக் கொண்டு உலகப் பல்லிகளின் உறவு மரத்தை வரைந்தபோது, ஒட்டுத்தட்டுகள் பல்லிகளின் வரலாற்றில் பலமுறை தனித்தனியே தோன்றியும் பலமுறை மறைந்தும் இருப்பது வெளிப்பட்டது. நெமாஸ்பிஸ் என்று நாம் அழைத்துவந்தவையே ஒரு குடும்பமாக நிற்கவில்லை. ஆப்பிரிக்காவில் வாழ்பவை ஒரு கிளை, தெற்காசியாவில் வாழ்பவை இன்னொரு கிளை, தென்கிழக்கு ஆசியாவில் வாழ்பவை மூன்றாவது கிளை. பாறையிலும் மரத்திலும் ஒரே மாதிரி வாழ்ந்ததால் மூன்றும் ஒரே மாதிரி ஆகியிருக்கின்றன.

பேரின அளவிலேயே இவ்வளவு குழப்பம் என்றால், இன அளவில் கேட்க வேண்டாம். வயிற்றுச் செதிலில் மேடு இருந்தால் ‘ட்ரோபிடோகாஸ்டர்’, மற்றபடி ‘கண்டியானா’ என்று தென்னிந்தியாவிலும் தீவுகளிலும் கிடைத்த சிறு பல்லிகள் எல்லாம் இலங்கைப் பெயர்களின் கீழ் வைக்கப்பட்டன. ஒவ்வொரு முறை அப்படி வைக்கப்பட்டபோதும் வரைபடத்தில் ஒரு புள்ளி கூடியது. அடுத்து நூல் எழுதியவர் முந்தைய நூலின் இடங்களையும் சேர்த்துக்கொண்டார். மூல மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. எல்லை இப்படித்தான் வளர்ந்தது: பல்லி நகரவில்லை, பெயர் நகர்ந்தது.

இப்போது ஒரு பகல் பல்லியை ஆய்வாளர் எப்படி அடையாளம் காண்கிறார் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இதில்தான் இந்தத் துறையின் அழகும் வலியும் இருக்கின்றன.

கையில் கிடைத்தது ஆணா பெண்ணா என்பது முதல் கேள்வி. ஆண் பல்லியைப் புரட்டிப் பார்த்தால் கழிவாய்க்கு முன்னாலும் தொடையின் அடியிலும் சில செதில்களில் நுண்ணிய துளைகள் இருக்கும். மெழுகு போன்ற ஒரு பொருள் அவற்றிலிருந்து சுரந்து, பல்லி ஊரும் இடத்தில் மணத்தை விட்டுச்செல்லும். எத்தனை துளைகள், எங்கே தொடங்குகின்றன, இடையில் துளை இல்லாத செதில்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். இலங்கைப் பகல் பல்லிகளில் இரண்டு பெரும் கிளைகள் உண்டு. கண்டியானா கிளையின் ஆண்களுக்குக் கழிவாய் முன்துளைகளும் தொடைத்துளைகளும் உண்டு. பொடிஹுனா கிளையின் ஆண்களுக்குத் தொடைத்துளைகள் மட்டுமே. மேலோட்டமாகப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தோன்றும் இரண்டு பல்லிகள், புரட்டிப் பார்த்ததும் வெவ்வேறு வழியில் வந்தவை என்று தெரிந்துவிடும். பெண்ணுக்கு இந்தத் துளைகள் இல்லை. அதனால்தான் பெண் பல்லி மட்டும் கிடைத்த இடங்களின் பழைய பதிவுகளை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை.

அடுத்து செதில்கள். முதுகுச் செதில்கள் ஒரே அளவா, நடுநடுவே பெரிய முண்டுகள் உண்டா? விலாவில் முள் போன்ற செதில்கள் நிற்கின்றனவா? தொண்டையிலும் மார்பிலும் வயிற்றிலும் உள்ள செதில்கள் வழவழப்பா, நடுவில் வரப்பு போன்ற மேடு உடையவையா? வாலின் அடியில் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக அகன்றிருக்கின்றனவா, சிறிதாகவே இருக்கின்றனவா? நான்காம் விரலின் அடியில் எத்தனை தகடுகள்? எல்லாம் நுண்ணோக்கியின் கீழ் எண்ண வேண்டியவை. வால் அறுந்து மீண்டும் முளைத்திருந்தால் அதன் செதில்கள் நம்பத் தக்கவை அல்ல. அசல் வால் உள்ள மாதிரி கிடைக்கும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

நிறம் தனிக் கதை. உயிரோடு இருக்கும் ஆணின் தொண்டையில் மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கலாம், கழுத்துப் பின்புறத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கலாம். சாராயத்தில் போட்டதும் மஞ்சள் முதலில் மறையும். நூறாண்டு பழைய புட்டியில் எல்லாப் பல்லியும் ஒரே மங்கிய பழுப்பு. காட்டில் நின்று உயிருள்ள பல்லியைப் பார்த்தவருக்கு ஒரே பார்வையில் தெரிந்த வேறுபாடு, அருங்காட்சியக மேசையில் இல்லாமலே போனது. இன்றைய ஆய்வாளர்கள் பிடித்த உடனேயே படம் எடுத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

கடைசியில் மரபணு. வால் நுனியிலிருந்தோ ஈரலிலிருந்தோ சிறு திசு போதும். உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணு ஒன்றை வாசித்து, அக்கம்பக்கத்து மலைகளின் பல்லிகளோடு ஒப்பிடுகிறார்கள். இதிலும் நிதானம் வேண்டும் என்பது என் கருத்து. மரபணு வேறுபாடு இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் புது இனம் என்று இயந்திரம் போலக் கோடு கிழிப்பது சரியாகாது. ஒரு மலையின் அடிவாரத்தில் ஒரு மாதிரி, உச்சியில் ஒரு மாதிரி எடுத்து, இடையில் உள்ள பல்லிகளைப் பார்க்காமல் விட்டுவிட்டால் படிப்படியாக மாறும் ஒரே இனம்கூட இரண்டாகத் தெரியும். உருவம், மரபணு, வாழும் இடம் ஆகிய மூன்றும் ஒரே விடையைச் சொல்லும்போதுதான் புதுப் பெயருக்கு வலு வருகிறது.

இந்தக் கருவிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வரவர, பழைய பட்டியல் கலையத் தொடங்கியது. 1984-இல் ராபர்ட் இங்கரும் சக ஆய்வாளர்களும் கேரளத்தின் பொன்முடிக் காட்டிலிருந்து நெமாஸ்பிஸ் நாயரி என்ற புது இனத்தை விவரித்தார்கள். ட்ரோபிடோகாஸ்டர் என்ற பெயர் எதற்கு உரியது என்ற கேள்வியையும் அதே கட்டுரையில் கிளறினார்கள். 2000-இல் இந்திரனீல் தாஸும் ஆரன் பௌவரும் வேலூரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இரண்டு புது இனங்களைச் சேர்த்தார்கள். பகல் பல்லிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டோடு முடிந்துவிடவில்லை, கிழக்கே தனித்து நிற்கும் குன்றுகளிலும் தமக்கெனத் தனி இனங்களாக வாழ்கின்றன என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. 2005-இல் தாஸ் சுமத்ராவின் மேற்குத் தீவுகளின் பல்லிகளை எடுத்துக்கொண்டார். கண்டியானா என்று எழுதி வைக்கப்பட்டிருந்தவை அங்கே நான்கு புது இனங்களாகப் பிரிந்தன. எங்கானோவின் பல்லிக்கு, 1891-இல் அந்தத் தீவுக்குப் போய் உயிரினங்களைச் சேகரித்த இத்தாலியப் பயணி எலியோ மொடிக்லியானியின் பெயர் கிடைத்தது. கண்டிப் பல்லியின் கிழக்கு எல்லை அத்தோடு கடலில் கரைந்தது.

பெரிய மாற்றம் 2007-இல் வந்தது. கெலும் மனமேந்திர ஆராச்சி, சுதேஷ் படுவிட்ட, ரோஹன் பெத்தியகொட மூவரும் இலங்கைப் பகல் பல்லிகளை முழுமையாக மறுஆய்வு செய்து நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் கட்டுரையை வெளியிட்டார்கள். அதுவரை இலங்கையில் நான்கு இனங்கள்தான் என்று எண்ணப்பட்டிருந்தது. அந்த ஒரே கட்டுரையில் பத்துக்கும் மேற்பட்ட புது இனங்கள் வந்தன. தென்னிந்தியாவில் கண்டியானா, ட்ரோபிடோகாஸ்டர் என்று சொல்லப்பட்டவை வேறு என்றும் அவர்கள் காட்டி, இந்திய மலைகளுக்கும் புதுப் பெயர்களைக் கொடுத்தார்கள். அதன் பிறகு சுரஞ்சன் கருணாரத்னவும் அவரோடு உழைத்தவர்களும் தீவின் குன்று குன்றாக ஏறிச் சேர்த்ததில், இலங்கையின் கணக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. இந்தியப் பக்கத்தில் 2021-இல் சௌனக் பாலும் சக ஆய்வாளர்களும் ஒரே கட்டுரையில் 12 இனங்களைப் புதிதாக விவரித்தார்கள். 2024-இல் சதுரகிரி மலையடிவாரத்திலிருந்து இரண்டு இனங்கள் வந்தன. ஒன்றுக்குச் சதுரகிரியின் பெயர், முதுகில் மஞ்சளும் நீலமும் கொண்ட மற்றொன்றுக்கு ஓவியர் வான்கோவின் பெயர்.

இவ்வளவு நெருங்கிய இடைவெளியில் இத்தனை இனங்கள் எப்படி? இலங்கையும் தமிழ்நாடும் பனியுகங்களில் கடல் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கியபோது நிலத்தால் இணைந்திருந்தன. யானையும் மானும் நடந்து போயிருக்க முடியும். அப்படி இருந்தும் 2004-இல் ஃப்ராங்கி பொசுயிட்டும் சக ஆய்வாளர்களும் தவளை, நண்டு, மீன், பாம்பு எனப் பல குழுக்களின் மரபணுக்களைப் பார்த்தபோது, ஈரக் காட்டு உயிர்கள் அந்த நிலப்பாலத்தை அதிகம் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது. காரணம் எளிது. பாலம் இருந்தது, அதன் மேல் மழைக்காடு இல்லை. மன்னார்ப் பக்கத்தின் வறண்ட சமவெளி ஈரத்தோல் கொண்ட தவளைக்கும் நிழல் தேடும் பல்லிக்கும் கடலைப் போலவே தடையாக நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இதே வேலையைச் செய்கின்றன. இலங்கையில் மகாவலிப் பள்ளத்தாக்கு நக்கிள்ஸ் மலையை மத்திய மலைநாட்டிலிருந்து பிரிக்கிறது. றக்வானை மலைகள் தெற்கே தனியாக நிற்கின்றன. காலநிலை வறண்டபோதெல்லாம் ஈரக்காடு மலைக்கு மேல் ஒதுங்கியது, பல்லிகளும் அதோடு ஒதுங்கின, அந்தந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வேறுபட்டன.

சுமத்ராவின் மேற்குத் தீவுப் பல்லிகள் மட்டும் இன்னும் ஒரு புதிரை வைத்திருக்கின்றன. அவை கண்டியானா இனம் அல்ல. ஆனால் மரபணுவில் பக்கத்து மலேயாவின் பல்லிகளைவிடத் தெற்காசியக் கிளையோடுதான் உறவு கொண்டாடுகின்றன. பழைய நூல்கள் இனத்தைத் தவறாகச் சொன்னாலும் உறவை ஓரளவு சரியாகவே மோப்பம் பிடித்திருக்கின்றன. அந்த முன்னோடிகளின் கண்கூர்மைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்று கண்டியானா என்ற பெயர் இலங்கையின் மத்திய மலைநாட்டில் கண்டியை ஒட்டிய பகுதியின் பல்லிக்கே உரியது. இந்தச் சுருக்கத்தின் விளைவு காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் விதிகளின்படி, ஓர் இனம் பரவியுள்ள பரப்பு 5,000 சதுர கி.மீ.-க்குக் குறைவாக இருந்து, வாழிடமும் துண்டாகிக் குறைந்துகொண்டே வந்தால் அது அழியும் ஆபத்தில் உள்ளது. 100 சதுர கி.மீ.-க்குக் குறைவு என்றால் ஆபத்தின் கடைசிப் படி. கண்டியிலிருந்து சுமத்ரா வரை வாழும் ஒரு பல்லிக்காக எந்த அதிகாரியும் ஒரு கல்லுடைப்பை நிறுத்தமாட்டார். ஒரே குன்றில் மட்டும் வாழும் பல்லி என்று நிரூபணமானால், அந்தக் குன்றுக்காகப் பேச ஒரு சட்டக் காரணம் கிடைக்கிறது. இலங்கையின் பகல் பல்லிகளில் பல இன்று ஆபத்துப் பட்டியலில் இருப்பதற்கு இந்த அடையாளம் காணும் உழைப்பே அடிப்படை.

வரைபடத்தைப் படிப்பதிலும் எச்சரிக்கை தேவை. புள்ளி இல்லாத இடத்தில் பல்லி இல்லை என்று அர்த்தமாகாது. பெரும்பாலும் புள்ளிகள் சாலை ஓரத்தையும் வன விடுதியையும் ஒட்டியே விழுகின்றன. ஆய்வாளர் போன இடம் அது. போர்க்காலத்தில் போக முடியாத காடு, அனுமதி கிடைக்காத மலைமுகடு, யாருமே தேடாத தோட்டத்து நடுப்பாறை எல்லாம் வெறுமையாகத் தெரியும். எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்ற பதிவு, எங்கே கிடைத்தது என்ற பதிவுக்கு இணையான மதிப்புள்ளது. நம் ஆய்விதழ்கள் அதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் ஆதங்கம்.

கொல்லிமலையிலோ வால்பாறையிலோ, நுவரெலியாவிலோ மாத்தளையிலோ இருக்கும் வாசகர்கள் இந்த வேலையில் பங்குகொள்ளலாம். பகல் நேரத்தில் நிழலான பாறையிலோ அடிமரத்திலோ வட்டக் கண்ணுள்ள ஒரு சிறு பல்லியைப் பார்த்தால் பிடிக்க வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் அதற்கு முறையான அனுமதி வேண்டும். பட்டையை உரிக்கவோ முட்டை ஒட்டியிருக்கும் கல்லைப் புரட்டவோ வேண்டாம். முதுகு, பக்கவாட்டு, முடிந்தால் தொண்டை தெரியும்படி படம் எடுங்கள். நாள், நேரம், உயரம், பாறையா மரமா என்பதைக் குறித்துவையுங்கள். அரிய பல்லிகளை வாங்கி விற்கும் கள்ளச் சந்தை இருப்பதால் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாமல், அருகில் உள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள்.